ஸ்டெப் டீச்சர் எழுதிய வரலாற்றுப் பரீட்சை

எட்டாம் வகுப்பின் கணக்கு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர், பதினோராவது தாளில் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதற்குமேல் திருத்தினால் தாள் கிழிந்துவிடும் என்று அவருக்கே பயமாக இருந்தது.

கேள்வி இதுதான். மூன்றாம் மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் 600 லிட்டர் பிடிக்கும். இப்போது கால் பங்கு தண்ணீர் இருக்கிறது. குழாயில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது. தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகும்?

விடை முப்பது. பதினோரு பேரில் ஒன்பது பேர் 618 என்று எழுதியிருந்தார்கள். அறுநூற்றையும் பதினைந்தையும் கூட்டி, போகிற போக்கில் மூன்றாம் மாடியையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புண்ணியவான் '618 லிட்டர் நிமிடம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தான்.

பிள்ளைகள் இவருக்கு வைத்திருந்த பெயர் ஸ்டெப் டீச்சர். விடை சரியாக இருந்தாலும், "ஸ்டெப் எங்க?" என்று கேட்காமல் மார்க் போட மாட்டார். பதினான்கு வருஷமாக அந்தப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். கையில் எப்போதும் ஒரு அடி ஸ்கேல் இருக்கும். யாரையும் அடிப்பதற்கில்லை, கோடு போடுவதற்கு. கோணலான கோட்டைக் கண்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மிச்சத் தாள்களையும் ஒருவழியாகத் திருத்தி முடித்தார். முப்பத்தெட்டு பேரில் முப்பத்தோரு பேர் தப்பு. கட்டைத் தூக்கிக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்குப் போனார்.

அந்த அறையில் ஒரு நீள மேஜையும் பன்னிரண்டு நாற்காலிகளும் உண்டு. ஒரு நாற்காலிக்குக் கால் ஆடும். அதைப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். தமிழ் எடுக்கிற இலக்கண டீச்சர் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். வரலாற்று ஆசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை எதிர் நாற்காலியில் நீட்டி, கண்ணை மூடியிருந்தார். அவரைப் பிள்ளைகள் கதை சார் என்பார்கள். ராஜாவோ போரோ ஒப்பந்தமோ, எதை எடுத்தாலும் "அன்னைக்குக் காலையில என்ன ஆச்சுன்னா..." என்றுதான் ஆரம்பிப்பார்.

தாள் கட்டு மேஜையில் தொப்பென்று விழுந்தது. கதை சார் கண்ணைத் திறந்தார்.

"எட்டாம் கிளாஸ்ல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியல. மாடியைக் கொண்டுபோய்த் தண்ணியில கூட்டியிருக்குதுங்க! யார் இதுங்களுக்குப் படிக்கச் சொல்லிக் குடுக்கிறது?" என்றார் ஸ்டெப் டீச்சர். பார்வை இலக்கண டீச்சர் பக்கம் போயிற்று.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றார் இலக்கண டீச்சர். "என் பாடத்துல எல்லாம் நல்லாத்தான் படிக்குதுங்க. போன வாரம் ஒரு கதை நடத்தினேன், நாலு பேர் அழுதுட்டாங்க."

"கணக்குன்னாலும்தான் அழறாங்க" என்றார் கதை சார்.

ஸ்டெப் டீச்சருக்குச் சுருக்கென்றது. "உங்க பாடத்துக்கு என்ன சார்? ராத்திரி ஒரு தடவை புரட்டிட்டு வந்தா போதும். நாலு வருஷம், நாலு பேரு, மனப்பாடம் பண்ணா முடிஞ்சுது. என் பாடம் அப்படியா?"

"ஓஹோ, மனப்பாடமா! உங்க பாடம் மட்டும் என்னங்க? ஃபார்முலாவைத் தூக்கிப் போட்டா விடை விழுது. கறிவேப்பிலையைப் போட்டா தாளிப்பு மாதிரி. அதுல படிக்க என்ன இருக்கு?"

இப்படியே ஒன்பது வருஷமாக இவர்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். டைம்டேபிளில் யாருக்கு முதல் பீரியட் என்பதில் ஆரம்பித்த சண்டை. இலக்கண டீச்சர் டம்ளரை எடுத்துக்கொண்டு நைசாக நகரப் பார்த்தபோது, கதவருகே பெரிய டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

பெரிய டீச்சர் என்றால் தலைமை ஆசிரியர். ஆள் சின்ன உருவம். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பேசுவது காதில் விழவேண்டும் என்றே மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கண்ணாடிக் கூட்டைத் தேடிக்கொண்டு வந்தவர், முழுச் சண்டையையும் கேட்டுவிட்டார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். "ரெண்டு பேர் பாடமும் அவ்வளவு சுலபம்னா, ஒருத்தர் பாடத்தை இன்னொருத்தர் படிச்சுப் பரீட்சை எழுதுங்களேன். டீச்சர், நீங்க வரலாறு ஒன்பதாவது பாடம். சார், நீங்க கணக்குல நேர் மாறல், எதிர் மாறல். வர்ற வெள்ளிக்கிழமை. இருபது மார்க்."

கதை சார் சிரித்தார். "யாரு மேடம் கேள்வித்தாள் எடுக்கிறது?"

"எட்டாம் கிளாஸ். அவங்களே திருத்தட்டும். மார்க்கை நோட்டீஸ் போர்டுல போட்டுடலாம்."

கதை சாரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பெரிய டீச்சர் கண்ணாடிக் கூட்டை மேஜை மேலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டெப் டீச்சருக்குக் கவலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலும் கல்லூரியிலும் முதல் மூன்று இடத்துக்கு வெளியே அவர் போனதில்லை. அன்று சாயங்காலமே புத்தகமும் ஸ்கேலுமாக வீட்டுக்காரரின் சலூனில் போய் உட்கார்ந்தார். இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வீட்டைவிட அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

பாடத்தின் பெயர் 'கால்வாயும் நகரமும்'. ஒரு ஆற்றோர நகரத்தில் கால்வாய் வெட்டிய வரலாறு. டீச்சர் முதல் வரியிலிருந்து கோடு போட ஆரம்பித்தார். 1863 என்று வந்தது, கோடு. நாற்பத்தோரு மைல் நீளம், கோடு. பதினேழு மதகுகள், கோடு. தலைமைப் பொறியாளரின் பட்டம், பதவி, எல்லாம் கோடு. நடுநடுவே கட்டம் கட்டிச் சின்ன எழுத்தில் யார் யாரோ எழுதிய கடிதங்களைப் போட்டிருந்தார்கள். கட்டத்துக்குள் இருப்பது பரீட்சைக்கு வராது என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு நம்பிக்கை. அவற்றைத் தாண்டிப் போனார்.

பெஞ்சில் காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, எல்லா வரிக்கும் கோடு போட்டா எது முக்கியம்னு எப்படித் தெரியும்?"

"எல்லாமே முக்கியம்தாங்க" என்றார் டீச்சர்.

வீட்டுக்காரர் கத்திரியை நிறுத்தாமல், "அவ போடாத வரிதான் முக்கியம்னு வெச்சுக்குங்க" என்றார். கடையே சிரித்தது. கண்ணாடியில் கணவரை முறைத்துவிட்டு டீச்சர் மறுபடி படிப்பில் இறங்கினார். வியாழக்கிழமைக்குள் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். எந்த மதகு எந்த வருஷம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கதை சார் படித்த விதம் வேறு. சோபாவில் சாய்ந்துகொண்டு, கணக்குப் பாடத்தை ஒரே மூச்சில் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். நடுவில் இருந்த எண்களை, கதையில் வரும் ஊர்ப் பெயர்களைப் போல, கண்ணால் தொட்டுவிட்டு நகர்ந்தார். 'பாடம் நல்லா இருக்கு, எல்லாம் புரியுது' என்று மனைவியிடம் சொல்லிவிட்டு டிவியைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். எட்டாம் வகுப்பு அறை. ஸ்டெப் டீச்சர் முதல் பெஞ்சிலும் கதை சார் கடைசி பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். பெஞ்சு பிள்ளைகளின் அளவு. சாரின் முழங்கால் மேஜையில் இடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் முப்பத்தெட்டு பேரும் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். பெரிய டீச்சர் மணி பார்த்துக் கேள்வித்தாளைக் கொடுத்தார்.

பத்து நிமிடத்தில் டீச்சர் அரைப் பக்கம் எழுதிப் பேனாவை மூடிவிட்டார். நம்பர் போட்டு, வரிக்கு வரி கோடு போட்டு, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பின்னால் கதை சார் கையைத் தூக்கினார்.

"மேடம், இன்னொரு பேப்பர்."

ஜன்னலில் சலசலப்பு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கை. "மேடம், இன்னும் ஒண்ணு." ஐந்து பக்கம் எழுதினார் மனிதர். வெளியே வரும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பிச்சு உதறிட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை நோட்டீஸ் போர்டின் முன்னால் கால் வைக்க இடமில்லை. ஸ்டெப் டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். வரலாறு: ஆறு. கணக்கு: மூன்று. இரண்டுமே இருபதுக்கு.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபெயில். விடைத்தாளை வாங்கிப் புரட்டினால், முத்துமுத்தான கையெழுத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'முயற்சி நன்று. கேள்வியைப் படித்துவிட்டு விடை எழுதவும்.' வருஷா வருஷம் அவர் பிள்ளைகளின் தாளில் எழுதுகிற அதே வாசகம்.

திருத்தியது யார் என்று விசாரிக்கத் தேவையே இல்லை. அந்த வகுப்பில் வக்கீல் என்று ஒரு பெண் இருந்தாள். அரை மார்க் குறைந்தாலும் தாளைத் தூக்கிக்கொண்டு வாதாட வந்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். இப்போது தாளைத் தூக்கிக்கொண்டு போனது டீச்சர்.

"அஞ்சாவது கேள்விக்கு எனக்கு ஏன் முட்டை போட்டிருக்க? எழுதினதுல ஏதாவது தப்பு இருக்கா?"

வக்கீல் எழுந்து நின்றாள். பயம்தான், ஆனால் விடவில்லை. "தப்பு ஒண்ணும் இல்ல டீச்சர். வருஷம் கரெக்ட். நீளம் கரெக்ட். மதகு பதினேழும் கரெக்ட். ஆனா கேள்வி என்னன்னா, 'வடக்குத் தெரு ஜனங்க கால்வாயை ஏன் எதிர்த்தாங்க?' நாங்க ஏன்னு கேட்டோம். நீங்க எப்போ, எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்க."

டீச்சர் கேள்வியை மறுபடி படித்தார். ஏன் என்றுதான் இருந்தது.

"அது பாடத்துல எங்க இருக்கு?"

"கட்டத்துக்குள்ள டீச்சர்."

டீச்சர் விடைத்தாளை நாலாக மடித்துக்கொண்டார். அது வக்கீலுக்குத் தைரியம் கொடுத்தது போலிருக்கிறது. "கவலைப்படாதீங்க டீச்சர். நாங்களும் உங்க பாடத்துல அப்படித்தான் பண்றோம். கணக்குல நம்பர் எங்கெங்க இருக்குன்னு பார்ப்போம். எல்லாத்தையும் எடுத்துக்குவோம். கூட்டறதா பெருக்கறதான்னு மட்டும்தான் யோசிப்போம்."

"நடுவுல இருக்கிற வார்த்தையெல்லாம்?"

"அதெல்லாம் சும்மா அழகுக்குன்னு நினைச்சேன்" என்றாள் வக்கீல்.

அன்று முழுதும் டீச்சருக்கு வேலை ஓடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் ஸ்டெப்பே இல்லாமல் விடை எழுதிக் காட்டினான். அதற்கும் டிக் போட்டு அனுப்பிவிட்டார். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

சாயங்காலம் நாத்தனார் வந்திருந்தாள். வீட்டுக்காரரின் தங்கை. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விபத்து மனுக்களைப் படித்துப் பார்த்து, உண்மையா புருடாவா என்று அலசுகிற வேலை. ஆறு மார்க் விஷயம் அண்ணன் மூலம் அவளுக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. வாய் கொள்ளாத சிரிப்போடு புத்தகத்தை வாங்கினாள்.

"அட, என்ன அண்ணி இது, ரயில்வே ஸ்டேஷன் மாதிரி! எங்க பார்த்தாலும் தண்டவாளம்." கோடுகளைத் தாண்டி, அவள் கண் நேராகக் கட்டத்துக்குள் போயிற்று. வாய்விட்டுப் படித்தாள். "'வடக்குத் தெருவின் மக்கள் மகிழ்ச்சியுடன் நிலத்தை அளித்தனர்.' யார் எழுதினது? பொறியாளர். யாருக்கு? அவரோட மேலதிகாரிக்கு. போச்சு, இதை நம்பக் கூடாது."

"ஏன்? அச்சுல போட்டிருக்கே!"

"அண்ணி, எங்க ஆபீஸ்ல தினமும் படிக்கிறேன். 'நான் ஓரமாத்தான் போனேன், மரம் குறுக்கால வந்துடுச்சு'ன்னு எழுதுவாங்க. வண்டி ஓட்டினவரு வேற என்னத்த எழுதுவாரு? பக்கத்துல நின்னு பார்த்தவங்க என்ன சொல்றாங்கன்னு தேடணும்." விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. "இதோ. பானை செய்யற பொம்பளை ஒருத்தி குடுத்த மனு. மண் எடுக்கிற குழி தண்ணிக்குள்ள போயிடும்கிறா. சந்தைக்குப் போற பாதை ரெண்டாப் பிரியுது, பாலம் ஒண்ணே ஒண்ணுதான்கிறா. இவளா மகிழ்ச்சியாக் குடுத்திருப்பா?"

டீச்சர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் தடவையாக ஸ்கேல் இல்லாமல் படித்தார். படித்த வரியை விட்டு மேலே போய், பொறியாளர் அறிக்கையை மறுபடி பார்த்தார். தேதியைப் பார்த்தார். மனு கொடுத்து எட்டு நாள் கழித்துத்தான் அறிக்கை எழுதப்பட்டிருந்தது.

"அடப்பாவி! மனுவைப் படிச்சுட்டுத்தான் இப்படி எழுதியிருக்கான்!"

"பார்த்தீங்களா? தேதிக்கு இப்பத்தான் வேலை வந்திருக்கு" என்றாள் நாத்தனார்.

மறுநாள் மத்தியானம் ஆசிரியர் அறையில் கதை சார் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்றே அதில் உட்கார்ந்தாரா, கவனிக்கவில்லையா தெரியவில்லை. கையில் கணக்குப் புத்தகம். முகத்தில் அசடு வழிந்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம். சிரிக்கக் கூடாது."

"ஆறு மார்க் வாங்கினவ என்னத்த சிரிக்கிறது? கேளுங்க."

"ஆறு பேர் ஒரு சுவருக்கு எட்டு நாள்ல பெயின்ட் அடிக்கிறாங்க. பன்னெண்டு பேர் சேர்ந்தா எத்தனை நாள்? நான் பதினாறுன்னு எழுதினேன். ரெண்டு பக்கம் விளக்கமும் எழுதினேன். தப்புன்னு சொல்லிட்டாங்க."

"பதினாறா? ஆள் கூடினா நாள் எப்படி சார் கூடும்?"

"ஏன் கூடாது? பன்னெண்டு பேர்னா ரெண்டு கோஷ்டி ஆகும். யார் தலைவர்னு சண்டை வரும். டீக்கு ஒருத்தன் போனா கூட மூணு பேர் போவான். வரலாறு பூரா அப்படித்தானே நடந்திருக்கு!"

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொடுத்த வாக்கு போயிற்று. மேஜையில் தலை கவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சாரும் சேர்ந்துகொண்டார், நாற்காலி ஆட்டத்தில் விழப் பார்த்தார்.

"கணக்குல யாரும் டீ குடிக்கப் போக மாட்டாங்க சார்."

"அது புஸ்தகத்துல எங்க போட்டிருக்கு?"

டீச்சர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். உண்மைதான், எங்கும் போட்டிருக்கவில்லை. எல்லோரும் ஒரே வேகத்தில், ஓயாமல், சண்டை போடாமல் வேலை செய்வார்கள் என்பது கணக்குப் படிக்கிறவர்களுக்குள் ஒரு பேசாத ஒப்பந்தம். பதினான்கு வருஷத்தில் ஒரு பிள்ளையிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

"நீங்க படிங்க. நான் பார்க்கிறேன்" என்றார் சார். "மனசுக்குள்ள என்ன ஓடுதோ அதையும் சேர்த்து வெளியில சொல்லுங்க."

டீச்சருக்குக் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "ஆறு பேர்... சரி. எட்டு நாள்... சரி. இங்க நிறுத்தறேன். என்ன கேக்கறாங்க? நாள். அதை ஓரமா எழுதிக்கறேன். ஆள் கூடுது. நாள் கூடுமா, குறையுமா? குறையணும். அப்ப விடை எட்டுக்குக் கீழதான் வரணும். எட்டுக்கு மேல வந்தா நான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்னு அர்த்தம். ஆளு ரெண்டு மடங்கு, நாள் பாதி. நாலு."

"ஒரு நிமிஷம். அந்த நாலு வரிக்குள்ள மூணு தடவை நின்னீங்க. ஒரு தடவை திரும்பிப் போனீங்க. கையில பென்சில் வேற." கதை சார் நிஜமாகவே வியந்து போயிருந்தார். "நான் ஒரு தடவைகூட நிக்கலையே டீச்சர்! ஓடிப்போய்ட்டேன்."

"நிக்காம எப்படி சார் படிக்கிறது?"

"அதை யாராவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எட்டாம் கிளாஸ்ல சொல்லியிருந்தா நான் இன்ஜினியர் ஆயிருப்பேன்" என்றார். பிறகு, கொஞ்சம் யோசித்து, "நல்லவேளை சொல்லல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் இருவருக்கும் சாப்பாடு ஆறிப் போயிற்று. கணக்கு முடிந்து கால்வாய்க்கு வந்தார்கள். சார் பாடத்தை எடுத்துத் தலைப்பைப் பார்த்தார், கடைசிப் பத்தியைப் பார்த்தார், படங்களின் அடியில் இருந்த வரிகளைப் படித்தார், அப்புறம்தான் முதல் பத்திக்கு வந்தார். "கடைசியை முதல்லயே படிக்கிறது ஏமாத்து இல்லையா?" என்று டீச்சர் கேட்டார். "யார் ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சாத்தான் ஏன் ஜெயிச்சாங்கன்னு பார்க்க முடியும்" என்றார் சார். பொறியாளரும் பானைக்காரியும் பற்றி டீச்சர் தான் கண்டுபிடித்ததைச் சொன்னபோது, சாரின் கண் விரிந்தது. அந்த எட்டு நாள் வித்தியாசத்தை அவரே கவனித்ததில்லையாம்.

புதன்கிழமை எட்டாம் வகுப்பில் ஒரு விசித்திரம் நடந்தது. கணக்குப் பீரியடில் கதை சார் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் போர்டில் ஒரு கணக்கை எழுதினார். ஆனால் அதைப் போட்டுக் காட்டவில்லை. சத்தமாக, தட்டுத்தடுமாறி, நின்று நின்று படித்தார். "இந்த வார்த்தை எதுக்கு இருக்கு? தெரியல. தள்ளி வைப்போம். இது வேணுமா? வேணும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள்.

பின்னாலிருந்து கதை சார் கையைத் தூக்கினார். "எனக்குப் புரியல டீச்சர்."

வகுப்பு வெலவெலத்துப் போயிற்று. 'புரியல' என்ற சொல் அந்த அறையில் அதற்கு முன் கேட்டதே இல்லை. டீச்சர் கோபப்படவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு கை மேலே வந்தது. அப்புறம் ஏழெட்டு.

மறுநாள் வரலாற்றுப் பீரியடில் டீச்சர் போய் உட்கார்ந்தார். "சார், அந்த ஆள் சொல்றதை நாம ஏன் நம்பணும்?" என்று அவர் கேட்ட கேள்வியில் பீரியட் முழுக்கப் போய்விட்டது. கதை சார் கதையே சொல்லவில்லை, பிள்ளைகள்தான் வாதாடினார்கள். வக்கீலுக்கு அன்று திருநாள்.

அந்த வாரம் பெரிய டீச்சர் ஆசிரியர் அறைப் பக்கம் வந்தபோதெல்லாம் இலக்கண டீச்சர் நோட்டுக் கட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். விஞ்ஞான ஆசிரியர் ஒருபடி மேலே போய், தொண்டை கட்டிவிட்டது என்று சைகையில் பேசினார். பெரிய டீச்சர் அவரைப் பார்த்து, "உடம்பைப் பார்த்துக்குங்க. தொண்டை கட்டினாலும் பரீட்சை எழுதலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் மறுபரீட்சை, அதே வரலாறு, கணக்கில் வேறு பாடங்கள். ஸ்டெப் டீச்சருக்குப் பதின்மூன்று, கதை சாருக்குப் பதினொன்று. சார் விடைத்தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் காட்டினார் என்று கேள்வி. டீச்சர் தன் தாளில் ஒரு அரை மார்க்குக்காக வக்கீலோடு இருபது நிமிடம் வாதாடித் தோற்றார்.

பிள்ளைகளின் மாதப் பரீட்சையில் டீச்சர் வேண்டுமென்றே ஒரு கணக்கு வைத்தார். ஐந்தாம் நம்பர் பஸ், இத்தனை தூரம், இத்தனை வேகம், எவ்வளவு நேரம்? முப்பத்தெட்டு பேரில் பதினான்கு பேர் தப்பு. அதில் பன்னிரண்டு பேர் வகுத்தலில் சறுக்கியிருந்தார்கள். அதை டீச்சரால் புரிந்துகொள்ள முடிந்தது. பஸ் நம்பரைச் சேர்த்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'இந்த ஐந்து எதற்கு என்று தெரியவில்லை. விட மனசு வரவில்லை.' டீச்சர் அதன் கீழே, 'தெரியவில்லை என்று கவனித்ததற்கு அரை மார்க்' என்று எழுதினார். ஸ்டெப் இல்லாத ஒன்றுக்கு அவர் தெரிந்தே கொடுத்த முதல் மார்க் அதுதான். எழுதிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

இன்னும் எத்தனையோ பாக்கி இருந்தது. பதினான்கு பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. விஞ்ஞானப் பாடத்தில் படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படிக்கிறார்கள் என்று விஞ்ஞான ஆசிரியர் தொண்டை திறந்து புலம்ப ஆரம்பித்திருந்தார். ஆனால் ஆசிரியர் அறையில் 'யார் இதுங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது' என்ற பேச்சு குறைந்து, 'நீங்க இதை எப்படிப் படிப்பீங்க, காட்டுங்க' என்ற பேச்சு கூடியிருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் பள்ளி விட்டு டீச்சர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். ஜன்னல் சீட் கிடைத்தது. பையிலிருந்து வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துப் பன்னிரண்டாவது பாடத்தைப் பிரித்தார். பரீட்சை ஒன்றும் இல்லை. யாரும் படிக்கச் சொல்லவும் இல்லை. ஒரு துறைமுகத்தில் கூலியாட்கள் வேலையை நிறுத்தியதைப் பற்றிய பாடம். கடைசிப் பத்தியை முதலில் படித்தார். அவர்கள் தோற்றுப்போனார்கள் என்று இருந்தது. அப்படியானால் அடுத்த கட்டத்துக்குள் இருக்கிற பாட்டில் அவர்கள் ஏன் ஜெயித்த மாதிரி பாடுகிறார்கள்? பக்கத்தைப் புரட்டினார். திரும்பி வந்தார். பாட்டுக்குக் கீழே இருந்த வருஷத்தைத் தேடினார்.

போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"எங்கம்மா இருக்க? டீ குடிக்க வீட்டுக்கு வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு."

டீச்சர் நிமிர்ந்து வெளியே பார்த்தார். அவருக்குப் பழக்கமில்லாத ஒரு பெட்ரோல் பங்க், அடுத்து ஒரு மரக்கடை, பெரிய மைதானத்தில் வரிசையாக நிற்கிற காலி பஸ்கள். டிரைவர் இறங்கிக் கையை உதறிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை.

"தெரியலைங்க" என்றார் டீச்சர்.

"தெரியலையா? என்ன தெரியல?"

"கடைசி ஸ்டாப்புக்கு வந்துட்டேன் போலிருக்கு. இருங்க." ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, திரும்ப எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்.

"இருபது நிமிஷம் ஆகும்மா. அவசரமா?"

"இல்லண்ணே, மெதுவா எடுங்க" என்று சொல்லிவிட்டு, டீச்சர் புத்தகத்தை வெளிச்சத்துக்கு வாகாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.